ரெண்டரை மணிக் கூட்டம்

கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ஆறு மணி வண்டி ஒரே ஒரு நிமிஷம்தான் நிற்கும். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், பாதி பின்னிய ஜடை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அந்த ஒரு நிமிஷத்துக்குள் லேடீஸ் பெட்டியில் ஏறியாக வேண்டும். இந்துவுக்கு அதில் பதினாறு வருஷப் பழக்கம். அப்படிப்பட்டவளே அந்தத் திங்கட்கிழமை ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, கையிலிருந்த போனைப் பார்த்தபடி சிலையாக நின்றுவிட்டாள்.

"அய்யோ தேவுடா! ஏறுடி அம்மாயி, வண்டி உனக்காக நிக்குமா?" என்று வெங்கடம்மா அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். வெங்கடம்மாவுக்குப் பெங்களூரில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. தினமும் நூறு பேருக்குச் சப்பாத்தி உருட்டுகிற கை அது. இந்து பந்து மாதிரி வந்து விழுந்தாள்.

"இன்னாடி அப்படி போன்ல? புருஷன் லவ் லெட்டர் போட்டுக்கிறாரா?"

"அதுக்கெல்லாம் அவருக்கு ஏது நேரம்? கட்சிலேர்ந்து வந்துகீது. நீயே பாரு."

கட்சியின் டவுன் தலைவர் துரை அனுப்பிய செய்தி. வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டரை மணிக்கு ஊருக்குள் மைசூர் மைன்ஸ் பகுதியிலிருக்கும் கட்சி ஆபீசில் கூட்டம். மாநிலக் குழுவுக்கு இந்த ஊரிலிருந்து ஒரு பெண் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலிடத்திலிருந்து பார்வையாளர் வருகிறார். மொத்த உறுப்பினர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தால்தான் தேர்வு செல்லும். நேரில் வருகிறவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு.

வெங்கடம்மா படித்துவிட்டு நிமிர்ந்தாள். "வியாழக்கிழமை ரெண்டரைக்கு நாம எல்லாரும் பெங்களூர்லல்ல இருப்போம்?"

"அதான்."

பதினைந்து வருஷமாக இந்து இந்தக் கட்சிக்கு உழைக்கிறாள். போஸ்டர் ஒட்டியிருக்கிறாள், வீடு வீடாக ஓட்டர் லிஸ்ட் சரிபார்த்திருக்கிறாள், லேடீஸ் பெட்டியிலேயே ஐம்பது பேரை உறுப்பினராகச் சேர்த்திருக்கிறாள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மினிட்ஸ் புத்தகத்தையும் அவள் தலையில்தான் கட்டியிருந்தார்கள். துரை சொல்லச் சொல்ல ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதுவாள். தலைவர்கள் வந்தால் ஆரத்தித் தட்டும் அவள் கையில்தான். தட்டைப் பிடித்தவள் மேடைக்குக் கீழே நிற்பாள், மாலை வாங்கியவர்கள் மேலே உட்காருவார்கள். ஒரு தடவையாவது மேலே உட்கார்ந்து, இந்த ரயிலுக்கு இன்னும் ரெண்டு பெட்டி வேண்டும், ஸ்டேஷனில் பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டும் என்று தன் வாயால் கேட்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். இப்போது விட்டால் இன்னும் மூன்று வருஷம் தட்டுதான்.

மறுநாள் ராத்திரி ரயிலிலிருந்து இறங்கிய கையோடு, ஊரின் பாலகாட் பகுதியிலிருந்த துரை வீட்டுக்குப் போனாள்.

துரைக்கு அறுபத்தெட்டு வயது. ஊரின் தங்கச் சுரங்கமான மைன்ஸில், அது மூடுகிறவரை பேங்க்ஸ்மேனாக இருந்தவர். ஷாப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாசலில் நின்று, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறுகிற ஆட்களை ஒருவர் விடாமல் எண்ணி, கேட்டைச் சாத்தி, மணியடித்துக் கீழே அனுப்புகிற வேலை. எண்ணிக்கையில் ஒரு நாள்கூடத் தப்பு வந்ததில்லை என்பது அவருக்கு இன்றைக்கும் பெருமை.

"தலைவரே, கூட்டத்தை ஞாயித்துக்கிழமைக்கு மாத்துங்க. இல்லேன்னா சாயங்காலமாவது வைங்க."

"மீட்டிங்னா ரெண்டரைதாம்மா. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிஞ்சு, மூஞ்சி கழுவிட்டு, நேரா மீட்டிங்."

"மைன்ஸ் மூடி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு தலைவரே."

"மைன்ஸைத்தானே மூடினாங்க? கட்சியை மூடிட்டாங்களா இன்னா?"

சொல்லிவிட்டுத் தன் பதிலை ரசித்து அவரே சிரித்தார். உள்ளேயிருந்து டீ டம்ளரோடு வந்த அவர் மனைவி பார்வதம்மா சிரிக்கவில்லை.

"யாரு நிக்கப் போறாங்கன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று இந்து கேட்டாள்.

"நம்ம அக்ஷயாதான்."

அக்ஷயா அவர் மருமகள். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. அந்த நேரத்தில் ஹாலில் உட்கார்ந்து பேங்க் பரீட்சைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கினாள்.

"நானா? எப்போ மாமா?"

"உனக்கு எதும்மா கஷ்டம்? கையெழுத்து மட்டும் போடு. போறது, வர்றது, பேசறது எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"அப்போ நீங்களே புடவை கட்டிக்கினு போங்களேன்" என்றாள் பார்வதம்மா. டீயை இந்துவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷ உறுப்பினர் அவள். இத்தனை வருஷமும் கூட்டத்துக்கு அவள் கொண்டுபோனது டீ கேன் மட்டும்தான்.

துரை காதில் விழாத மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார். "இந்து, உன் உழைப்பு எனக்குத் தெரியாதா? ஆனா பொம்பளைங்க மீட்டிங்குக்கே வர்றதில்லையே. மேலிடம் கேட்டா நான் இன்னா பதில் சொல்ல?"

இந்து டீயைக் குடித்து முடித்தாள். கோபம் வந்தால் டீயைச் சூடாகவே குடித்துவிடுவாள். நாக்கு சுட்டது, வேறு ஒன்றும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டாள். அவள் வேலை செய்வது ஒயிட்ஃபீல்டில் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனி. லைன் சூப்பர்வைசர் லீவு கேட்டால் மானேஜர் முகம் அஷ்டகோணலாகும். கோணட்டும் என்று விட்டுவிட்டு, மினிட்ஸ் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைசூர் மைன்ஸ் ஆபீசுக்குப் போனாள்.

பார்வையாளர் சரியாக ரெண்டு இருபதுக்கே வந்து உட்கார்ந்திருந்தார். மங்களூர்க்காரர், பெயர் லவினா. குட்டையாக வெட்டிய நரைமுடி, காட்டன் புடவை, காலில் ரன்னிங் ஷூ. இந்து நீட்டிய ஆரத்தித் தட்டைப் பார்த்ததும் கன்னடத்தில், "இதைக் கீழே வைம்மா, முதல்ல நீ உட்காரு" என்றார். உட்காரச் சொன்னது மேடையில். இந்துவுக்கு நாற்காலி குத்துகிற மாதிரி இருந்தது. பதினைந்து வருஷத்தில் அந்த உயரத்திலிருந்து ஹாலை அவள் பார்த்ததே இல்லை.

ஹாலில் பதினோரு பேர் இருந்தார்கள். எல்லாரும் பென்ஷன்காரர்கள். அதில் ரெண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மணி ரெண்டே முக்கால் ஆனது. மூன்றும் ஆனது.

"மெம்பர்ஸ் எல்லிதாரே?" என்று லவினா கேட்டார். எங்கே உங்கள் உறுப்பினர்கள்?

துரை கனைத்துக்கொண்டார். "வருவாங்க மேடம். வராட்டியும் புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கிடுவோம். எப்பவும் அப்படித்தான்."

"ஆகல்ல." முடியாது என்று லவினா சொன்ன இந்த ஒரு கன்னடச் சொல்லுக்கு ஊரில் யாருக்கும் அர்த்தம் சொல்லத் தேவையில்லை. "நேரில் வந்தால்தான் ஓட்டு. இதென்ன ஊர், மத்தியானம் ரெண்டரைக்குக் கூட்டம்?"

இந்து பணிவாகச் சொன்னாள். "ஏன் ரெண்டரைன்னு தலைவரையே கேளுங்க மேடம். அதுக்குப் பெரிய சரித்திரமே கீது."

துரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி எழுந்தார். அவர் பேச்சில் ஷிப்ட், ஷாப்ட், கேஜ், அவருடைய அப்பா எல்லாரும் வந்து போனார்கள். கடைசியில், "சும்மா சொல்லலை மேடம். எழுத்துலயே கீது. முதல் பக்கத்துலயே தீர்மானம். இந்து, மினிட்ஸ் புத்தகத்துல படிச்சுக் காட்டு. நல்லா சத்தமா!" என்றார்.

இதற்காகத்தான் இந்து மூன்று நாளாகக் காத்திருந்தாள். ஒவ்வொரு முறை புதுப் புத்தகம் போடும்போதும் முதல் பக்கத்தில் அந்தப் பழைய தீர்மானத்தைத் திருப்பி எழுதுகிறவள் அவள்தானே. நல்லா சத்தமாகவே படித்தாள்.

"உறுப்பினர்கள் ஷிப்டுக்குப் போகுமுன், அல்லது ஷிப்ட் முடிந்து வந்தபின் மட்டுமே கூட்டம் கூட்டப்படும். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஷிப்டில் இருக்கும் நேரத்தில் எந்தத் தேர்வும் நடத்தக் கூடாது."

ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் விழித்துக்கொண்டார்.

லவினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதில் ரெண்டரை என்று எங்கே இருக்கிறது?"

துரை புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அப்பா காலத்திலிருந்து மனப்பாடமாக இருந்த தீர்மானம்தான். படித்துப் பார்த்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.

"இப்போ உங்க ஊர்ல ஷிப்ட்னா என்ன? உறுப்பினர்ல முக்கால்வாசிப் பேர் எங்கே இருக்காங்க?"

துரையேதான் சொன்னார். அதுவரை அவர் யாரிடமும் பொய் எண்ணிக்கை சொன்னதில்லை. "ரயில்ல மேடம். காலைல ஆறு மணி வண்டி. ராத்திரிதான் திரும்புவாங்க."

"அப்போ நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு ஸ்டேஷன்ல கூட்டம். ஷிப்டுக்குப் போகுமுன்" என்றார் லவினா. "எனக்கு ஒரு லாட்ஜ் பாருங்க. கொசு இல்லாத லாட்ஜ்."

வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கெல்லாம் கோரமண்டல் ஸ்டேஷன் வெளிவாசல் திருவிழா மாதிரி இருந்தது. அன்றைக்கு ஒரு நாள் பக்கத்து ஸ்டேஷன்களான சாம்பியனில் ஏறுகிறவர்களும் ஊர்காமில் ஏறுகிறவர்களும்கூட ஷேர் ஆட்டோ பிடித்து இங்கே வந்துவிட்டார்கள். லேடீஸ் பெட்டி மொத்தமும் வந்திருந்தது. ஜெனரல் பெட்டி ஆண்களும் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பென்ஷன்காரர்கள் மப்ளர் சுற்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

ஓட்டை எப்படி எண்ணுவது? சீட்டுக் கொடுத்து எழுதி வாங்க நேரமில்லை. கை தூக்கச் சொன்னால் ஒவ்வொரு கையிலும் ஒரு பை. லவினா கடிகாரத்தைப் பார்த்தார். மணி அஞ்சே முக்கால்.

துரை முன்னால் வந்தார். ராத்திரி சரியாகத் தூங்காத முகம். ஆனால் குரலில் ஒரு மிடுக்கு வந்திருந்தது.

"கேஜ் எண்ணிக்கை போட்டுடலாம் மேடம். இந்தா இருக்கு கேட்டு. இந்துவுக்குன்னா கேட்டைத் தாண்டி பிளாட்பாரத்துக்குப் போங்க. அக்ஷயாவுக்குன்னா மரத்தடியில நில்லுங்க. நான் எண்ணுறேன். ரெண்டு நிமிஷத்துல நூறு பேரை இறக்கினவன் நானு."

"எண்ணுறது எதிர்த் தரப்புக்காரராச்சே" என்று யாரோ சிரித்தார்கள்.

"துரை எண்ணினா சரியா இருக்கும்" என்றாள் இந்து. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

துரை இரும்பு கேட்டின் ஓரத்தில் நின்று குடைக்காம்பால் கம்பியில் மூன்று தட்டுத் தட்டினார். கேஜில் ஆள் ஏறுகிறது என்பதற்கு மைன்ஸில் அதுதான் மணி.

ஓட ஆரம்பித்தார்கள். வெங்கடம்மாதான் முதல் ஆள், அடுத்தது இந்து. "ஒண்ணு... ரெண்டு... பையை உள்ளே இழு... மூணு... தள்ளாதே, ஒவ்வொருத்தரா... பதினேழு... பதினெட்டு..." துரையின் கை ஒவ்வொரு தோளுக்கும் கம்பியில் ஒரு தட்டு. அறுபத்தெட்டு வயது காணாமல் போயிருந்தது.

நூற்றுப் பன்னிரண்டில் பாதிக்கு மேல் என்றால் ஐம்பத்தேழு பேர் வேண்டும். இந்து பிளாட்பாரத்தில் நின்று கையைப் பிசைந்தாள். அவள் மனசிலிருந்த லிஸ்டில் அவளையும் சேர்த்து அறுபது பேர். ஆனால் ஒருத்திக்குக் காய்ச்சல், ரெண்டு பேருக்குச் சொந்தத்தில் கல்யாணம், மூன்று பேர் வந்த ஆட்டோ பஞ்சர். எதற்காகவோ அவளும் மனசுக்குள் கூடவே எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஐம்பத்து மூணு... ஐம்பத்து நாலு..."

அதோடு கேட்டு காலியானது. தூரத்தில் ரயிலின் ஹாரன் கேட்டது. வெங்கடம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இருங்க மேடம், நில்லுங்க!" என்று குரல் கேட்டது. தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கோச்சிங் கிளாஸ் நோட்டோடு ஓடிவந்தவள் அக்ஷயா. மூச்சு வாங்கக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். "மாமா, மெம்பர்ஷிப் கார்டு எனக்கும் இருக்கில்ல?"

"இருக்கும்மா. உனக்கு மரத்தடி..."

"எனக்கு ஞாயித்துக்கிழமை பேங்க் பரீட்சை மாமா. என் பேர்ல நீங்க பேசப் போறதைவிட, இந்து அக்கா அவங்க பேர்ல அவங்களே பேசட்டும்." சொல்லிக்கொண்டே கேட்டைத் தாண்டிவிட்டாள்.

துரையின் கை ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு தட்டியது. "ஐம்பத்தஞ்சு."

ரயிலின் விளக்கு வளைவில் தெரிந்தது. அப்போதுதான் பஞ்சரான ஆட்டோ உருண்டு வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரே ஒருத்திதான் இறங்கினாள். மற்ற ரெண்டு பேர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்களாம். "ஐம்பத்தாறு."

லவினா எழுந்து நின்றார்.

மரத்தடியில் பென்ஷன்காரர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்த பார்வதம்மா, கேனைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாக நடந்து வந்து கேட்டின் முன்னால் நின்றாள்.

துரை பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"இன்னா பாக்கறீங்க? கேட்டுல ஆள் நிக்குது. எண்ணுங்க."

"பார்வதி..."

"முப்பது வருஷமா மெம்பர். ஒரு தடவை கூட உங்க கணக்குல நான் வரல. இன்னிக்காவது வர்றேன்." கேட்டைத் தாண்டினாள்.

குடைக்காம்பு கம்பியில் விழுந்தது. "ஐம்பத்தேழு" என்றார் துரை. தப்பே வராத அதே குரல்தான். கேட்டைச் சாத்தினார். "கேஜ் ஃபுல் மேடம்."

ரயில் வந்து நின்ற சத்தத்தைவிட லேடீஸ் பெட்டிக் கூட்டம் போட்ட சத்தம் பெரிதாக இருந்தது. நிற்பது ஒரே நிமிஷம். இந்துவைத் தூக்காத குறையாக உள்ளே ஏற்றினார்கள். லவினா ஜன்னல் வழியாகவே மினிட்ஸ் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்.

"மாநிலக் குழுக் கூட்டம் அடுத்த மாசம். பெங்களூர்ல. மத்தியானம் ரெண்டரைக்கு" என்றார்.

இந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"சும்மா சொன்னேன். ஞாயித்துக்கிழமை, பத்து மணிக்கு" என்று சிரித்தார் லவினா.

வண்டி நகர ஆரம்பித்தது. துரை கேட்டைத் திறந்துகொண்டு பிளாட்பாரத்துக்கு வந்தவர் திடுக்கிட்டார். இந்துவின் பக்கத்து சீட்டில், ஜன்னலோரமாக, பார்வதம்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், நீ எங்க போற?"

"பங்காருப்பேட்டைல என் அக்கா வீட்டுக்கு. டிக்கெட் வாங்கிட்டுத்தான் வந்தேன். சாயங்காலம் வந்துடுவேன்." வண்டி வேகமெடுத்தது. அவள் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள். "டீ கேன் மரத்தடில கீது. எல்லாருக்கும் ஊத்துங்க!"