கூட்டிப் போட்ட இரண்டு அங்குலம்

கோல்பியின் உயரம் ஐந்தடி பத்து அங்குலம். பெற்றவள் டார்லீனுக்குத் தெரியாதா? ஆனால் ஆட்டத்தன்று ஐஸ் ஹாக்கி அரங்க வாசலில் அவளே உட்கார்ந்து விற்கிற வீரர் விவரப் புத்தகத்தில், ஆறாம் எண், தடுப்பாட்டக்காரன் கோல்பி யாரெம்கோ, வயது பதினேழு, உயரம் ஆறடி என்று அச்சாகியிருந்தது.

"என்ன அநியாயம் இது?" என்று அணி மேலாளர் ராண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாப் பசங்களுக்கும் ரெண்டு இன்ச் கூட்டித்தான் போடுவோம். சஸ்காட்சுவான் மாகாணம் முழுக்க அப்படித்தான். நெட்டையா இருந்தாத்தான் பெரிய டீம்காரன் திரும்பியே பாக்குறான். நீ பேசாம வித்துட்டுப் போ, டார்லீன்."

அச்சோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். ஆறடி என்று போட்டுவிட்டதால் பையனை ஆறடிக்காரன் மாதிரி ஆடச் சொன்னார்கள். எதிராளி எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று முன்னாலேயே கணித்து, அவன் மட்டையிலிருந்து பக் என்கிற ரப்பர் வட்டைச் சத்தமில்லாமல் பறித்து, தன் ஆளிடம் சேர்த்துவிடுவான் கோல்பி. அதுதான் அவன் ஆட்டம். "மோதுடா! ஆளைச் சுவரோட வெச்சுத் தேய்டா!" என்று பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினார். நவம்பரிலிருந்து பிள்ளை தோளில் ஐஸ் பையோடுதான் தூங்குகிறான்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு மெக்வெய் என்ற தேர்வாளர் வந்தார். ஜூனில் தொழில்முறை அணிகள் பையன்களைப் பொறுக்கியெடுக்கும்போது கோல்பியின் பெயர் வருமா வராதா என்பது அந்த மனுஷனின் நோட்டில்தான் இருந்தது. உள்ளதை உள்ளபடி பார்க்கட்டும் என்று டார்லீன் இருநூறு புத்தகத்திலும் மகன் பெயருக்கு எதிரே இருந்த ஆறடியை அடித்துவிட்டு, பேனாவால் ஐந்தடி பத்து என்று எழுதி வைத்திருந்தாள்.

மெக்வெய் அதைப் பார்த்துவிட்டு, "இது யார் எழுதினது?" என்றார்.

"பெத்தவ. நான்தான்."

அவர் சிரித்துக்கொண்டே நோட்டில் ஐந்தடி எட்டு என்று குறித்தார்.

"பத்துன்னு எழுதியிருக்கேனே!"

"ஏம்மா, இருபது வருஷமா இந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன். எந்த உயரமா இருந்தாலும் ரெண்டைக் கழிச்சிடுவேன். பெத்தவளே பத்துங்கிறா, அப்போ எட்டுதான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். டார்லீன் பேனாவை மேசையில் எறிந்தாள். பொய் அச்சடித்த பையன்களெல்லாம் அவர் நோட்டில் சரியான உயரத்துக்கு வந்துவிட்டார்கள். உண்மை சொன்ன வீட்டுப் பிள்ளை மட்டும் குள்ளனாகிவிட்டான். என்ன உலகம் இது!

உடை மாற்றும் அறையில் பையன்கள், "என்னடா குட்டி, அம்மா அளந்து அனுப்பினாங்களா?" என்று ஓட்டித் தள்ளினார்கள். கோல்பிக்குக் காது சிவந்தது. மானம்தான் போய்விட்டதே, இனி யாருக்காக மோத வேண்டும்? அன்று தன் ஆட்டத்தையே ஆடினான். அவன் களத்தில் இருந்தபோதெல்லாம் எதிரணியால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் டார்லீன் அளவு நாடாவோடு மெக்வெயை வழிமறித்தாள். வெறும் காலுறையோடு வெளியே வந்த மகனைக் கதவோரம் இழுத்து நிறுத்தினாள்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க, விடும்மா!"

"பாக்கட்டும். நிமிந்து நில்லுடா. சார், நீங்களே படிங்க."

ஐந்தடி பத்து. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மெக்வெய் முணுமுணுத்துக்கொண்டே நோட்டைத் திறந்து, எட்டை அழித்துவிட்டுப் பத்து என்று எழுதினார்.

கோல்பி எட்டிப் பார்த்தான். அவன் பெயருக்குக் கீழே அந்த ஒரு எண்தான் இருந்தது. மிச்சப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

"ஆட்டத்தைப் பத்தி ஒண்ணும் எழுதலையா சார்?"

"அஞ்சடி எட்டுன்னு நினைச்சேன்பா... அதான், எதிர் டீம் நெட்டையனைப் பாத்துட்டு இருந்துட்டேன்."

"அறுபது நிமிஷம்!" என்று டார்லீன் வெடித்தாள். "உங்க கண்ணு முன்னாடி ஓடினானே! கண்ணை எங்கய்யா வெச்சிருந்தீங்க?"

கோல்பி அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். "அடுத்த வெள்ளிக்கிழமையும் இங்கதான் சார் ஆட்டம். வாங்க. ஆனா அந்தப் புத்தகத்தை வாங்காம வாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை மெக்வெய் வந்தார். டார்லீனின் மேசைக்கு முன் ஒரு நொடி தயங்கினார். அவள் புத்தகக் கட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு, உள்ளே போகும் வழியை முகத்தாலேயே காட்டினாள்.