பக்கத்தின் நடுவே ஒரு மங்கல்

"இப்பப் பாரு" என்று தாளை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார் கணவர். பிரிண்டரிலிருந்து அப்போதுதான் வந்த தாள், இன்னும் சூடு ஆறவில்லை. "டோனரைக் கழட்டி நல்லாக் குலுக்கிப் போட்டாச்சு. அப்பவும் நடுவுல மங்கிக் கிடக்கு. வரி வேற நெளியுது. இல்ல?"

அவள் பார்த்தாள். பார்க்க என்ன இருந்தது? வெள்ளை வெளேரென்ற தாளில் கன்னங்கரேலென்று எழுத்துகள், மேலிருந்து கீழ்வரை, ஓரத்திலும் நடுவிலும் ஒன்றுபோல. ஒரு கால் மங்கவில்லை, ஒரு கொம்பு நெளியவில்லை. "ஆமா, கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும் சாக்கில் சமையலறைக்குப் போய், துடைக்க ஒன்றுமில்லாத கையைத் துடைத்தபடி நின்றாள்.

இந்தப் பொய்யை அவள் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. முதல் தடவை அவர் கேட்டபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து "மங்கலா இருக்கு பாரேன்" என்ற குரல் வந்தது, "ஆமாமா" என்று திரும்பாமலே சொன்னாள். வீட்டுக்கு வீடு மனைவிகள் இப்படி எத்தனை ஆமாமா சொல்கிறார்கள், அதிலெல்லாம் வீடா இடிந்துவிடுகிறது? மறுநாள் அந்தத் தாளை உண்மையிலேயே கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் அதில் மங்கல் எதுவுமே இல்லை என்று தெரிந்தது. அதற்குள் அவர் பதிப்பகத்து மேலாளரிடம் தொலைபேசியில், "எனக்கு மட்டுமில்ல சார், வீட்டுலயும் அதையேதான் சொல்றாங்க, மெஷின்லதான் கோளாறு" என்று அடித்துச் சொல்லிவிட்டார். அவருடைய சாட்சியே அவள்தான். சாட்சி எப்படிப் பல்டி அடிப்பது?

அதுவும் சாதாரணக் கண்ணா அது! அவருடைய தொழில் மெய்ப்புத் திருத்துவது. புத்தகம் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பிழையைப் பிடிக்கிற வேலை. பதிப்பகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். எழுத்தாளர் பார்த்து, ஆசிரியர் குழு பார்த்து, எல்லாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து முடித்த பக்கத்தில், "இங்க ஒரு ஒற்று விழுந்துபோச்சு" என்று பேனா முனையை வைப்பார். கணினித் திரையில் திருத்துவது அவருக்கு ஆகவே ஆகாது. தாளில் இருந்தால்தான் பிழை அடங்கி நிற்கும், திரையில் நழுவும் என்பார். அதற்காகத்தான் வீட்டில் லேசர் பிரிண்டர் வாங்கிப் போட்டார்கள்.

வேலை இரண்டு பேருடையது. மூலப்படியை அவள் உரக்கப் படிப்பாள், எதிரே உட்கார்ந்து அச்சுப்படியில் அவர் பேனாவோடு பின்தொடர்வார். கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி, புதுப் பத்தி எல்லாவற்றையும் சொல்லியே படிக்க வேண்டும். அண்ணி சண்டை போட்டால்கூட நடுவில் கமா போட்டுத்தான் போடுவாள் என்று கொழுந்தன் கிண்டல் செய்வான். இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்: படிக்கிறவள் அச்சுப்படியைப் பார்க்கக் கூடாது. வாய் அவளுடையது, கண் அவருடையது. கல்யாணமான புதிதில் ஒருமுறை எட்டிப் பார்த்து, "இங்க ஒரு புள்ளி விட்டுட்டீங்களே" என்று சொல்லிவிட்டாள். அப்புறம் சோறு வேண்டுமா வேண்டாமா என்பதற்குக்கூட அவர் வாயைத் திறக்காமல் தலையாட்டலிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு எட்டிப் பார்ப்பதை விட்டாள். கண் சொன்னதை வாய் மறுத்துப் பேசாது என்பது அவர்கள் வீட்டில் ஊறிப்போன பழக்கம்.

இப்போது கையில் இருந்தது செவிலியர்களுக்கான மருந்தளவுக் கையேடு. எந்த மருந்தை, எந்த வயதுக்கு, எத்தனை மில்லி. கதைப் புத்தகமானால் ஒரு பிழைக்கு வாசகர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். இதில் அப்படியில்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவர் பிரிண்டரை விடுவதாக இல்லை. டோனர் மைத்தூளை மிச்சம் பிடிக்கும் அமைப்பை அணைத்தார். அச்சின் கருமையைக் கடைசிவரை கூட்டினார். தாள் ஈரம் இழுத்திருக்கும் என்று புதுக் கட்டு வாங்கிவந்து, அலமாரியில் அவளுடைய துணிகளுக்கு நடுவே சொருகி வைத்தார். தாளில் எழுத்தைப் பதிக்கிற டிரம்மில் வெயில் படக்கூடாதாம், பிரிண்டரை ஜன்னலோரத்திலிருந்து இந்தப் பக்கச் சுவருக்கு இழுத்தார். மூடியைத் திறந்து, பஞ்சில்லாத துணியால் உருளைகளைத் துடைத்தார். குழந்தைக்குக் காது குடைந்துவிடுகிறவர் அவ்வளவு பதமாகச் செய்வாரா என்பது சந்தேகம். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு சோதனைத் தாள். ஒவ்வொரு தாளுக்கும் அவளைக் கூப்பிட்டு ஒரு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் அதே ஆமா. நடுவில் ஒருநாள் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நின்றுகொண்டே, "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவள் மணியைச் சொன்னாள். சொல்லிவிட்டு, கடிகாரத்தையே பார்த்தபடி சோபாவில் உட்கார்ந்தாள்.

பயமாக இருந்தது அவளுக்கு, வேறென்ன சொல்ல? கண் விஷயம் தள்ளிப்போடுகிற விஷயமில்லை என்று தெரியாத அளவுக்கு அவள் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. டாக்டரிடம் போகலாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், 'அப்ப இத்தனை நாளும் மங்கலா இருக்குன்னு நீ சொன்னது?' என்ற கேள்வி கூடவே வந்து நிற்கும். அதைவிட, பூதக்கண்ணாடியிடம் போய் உங்கள் கண்ணில் கோளாறு என்று எந்த முகத்தோடு சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், குளித்துவிட்டு வரட்டும், சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நாள் ஓடியது.

கடைசியில் மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார், ஒரு தாளை ஓட்டினார், வெளிச்சத்தில் பிடித்தார், புருவத்தைச் சுருக்கினார்.

"எங்க சார் இருக்கு? விரல் வெச்சுக் காட்டுங்க."

"இதோ. தெரியல?" அவர் விரல் பக்கத்தின் நடுவில் நின்றது.

மெக்கானிக் இன்னொரு தாளை ஓட்டி, அதிலும் காட்டச் சொன்னார். இந்தத் தடவை விரல் மேல்மூலைக்குப் பக்கத்தில் போய் நின்றது. "டிரம்ல அடி பட்டிருந்தா சார், அது சுத்தச் சுத்த அதே இடைவெளியில கறை விழும். அளவெடுத்த மாதிரி இருக்கும். இது எடம் மாறுதே?"

"அதைத்தாங்க நானும் சொல்றேன். ஒரு மாதிரியான கோளாறு."

மெக்கானிக் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம், சொல்லாதீங்க. மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "பழைய டிரம்தான் சார். மாத்திப் பாத்துடலாம்."

மாற்றினார். கணவர் புதுத் தாளை வாங்கிக்கொண்டு ஜன்னலருகே போனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, முகமெல்லாம் மலர, "இப்பத் தேவலாம். பளிச்சுனு இருக்கு" என்றார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒருவேளை மெஷின்தானோ? என் கண்தான் சரியாகப் பார்க்கவில்லையோ? மனசு என்பது எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு தொங்கும். வாசல்வரை வழியனுப்பப் போனபோது மெக்கானிக் குரலைத் தாழ்த்தி, "நல்ல டிரம்மைக் கழட்டிட்டேன் மேடம், மனசு கேக்கல. சாரை ஒரு தடவை..." என்றார். "சரியாயிடுச்சுன்னு அவரே சொல்லிட்டாரே" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

கையேட்டின் முதல் பகுதி முடிந்தது. அனுப்புவதற்காகத் தாள்களைத் தட்டி அடுக்கும்போது ஒன்று நழுவிக் குப்புற விழுந்தது. எடுத்துத் திருப்பியவள், எத்தனையோ வருஷமாகப் பார்க்காத இடத்தில் கண்ணை வைத்தாள். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. மூலப்படியில் இரண்டரை மில்லி என்று அவள் வாயால் படித்தது நன்றாக நினைவிருக்கிறது. 'இரண்டு, புள்ளி, ஐந்து' என்று பிரித்துப் பிரித்துப் படித்தாள். அச்சில் புள்ளியைக் காணோம். இருபத்தைந்து மில்லி. அதன் பக்கத்தில், சரி என்று அவருடைய நேர்த்தியான சிவப்பு டிக்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் பார்த்துத் திருத்தவில்லை. அவள் குரலைக் கேட்டுக் கேட்டு, அங்கே என்ன இருக்க வேண்டுமோ அதை மனசால் நிரப்பிக்கொண்டு போயிருக்கிறார். அந்தத் தாள்கட்டை அவள் அனுப்பவில்லை. அவர் கேட்டதற்கு, "கூரியர்க்காரன் வரல" என்று இன்னொரு பொய்.

மறுநாள் காலை இரண்டாம் பகுதிக்கு உட்கார்ந்தார்கள். மேசைமேல் நல்ல வெளிச்சம். அவர் பேனாவைத் திறந்தார். "ம், படி."

அவள் படித்தாள். முதல் பத்தியை ஒழுங்காகப் படித்தாள். இரண்டாவதில், 'வலது கையில்' என்று இருந்ததை 'இடது காலில்' என்று படித்தாள். பேனா நிற்கவில்லை. 'வெறும் வயிற்றில்' என்பதை 'உணவுக்குப் பின்' என்று படித்தாள். பேனா அதையும் தாண்டிப் போனது. அவர் அச்சில் இருப்பதைப் பார்த்திருந்தால், "ஏய், என்ன படிக்கற?" என்று அதட்டியிருப்பார். அந்த அதட்டலுக்காக அவள் ஏங்கினாள். ஒரே ஒரு தடவை அதட்டிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம். அவர் தலையை ஆட்டி, "ம்" என்றார்.

அவள் மூலப்படியை மடியில் வைத்துவிட்டாள். அதே குரலில், அதே நிதானத்தில், தொடர்ந்து படித்தாள்.

"பக்கத்தின் நடுவில் இருப்பது தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை, கமா, கணவர் மனைவியிடம் சொல்ல வேண்டும், முற்றுப்புள்ளி. மங்கலாக இருக்கிறது என்று மனைவி சொன்னது பொய், முற்றுப்புள்ளி. எழுத்து எப்போதும் நன்றாகத்தான் இருந்தது, முற்றுப்புள்ளி. புதுப் பத்தி."

பேனா நின்றது. நின்ற இடத்தில் சிவப்பு மை ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது. அவர் அதை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"டிரம் மாத்தின அன்னிக்கு, ஜன்னல் பக்கத்துல நின்னு தாளைத் தலைகீழாத் திருப்பிப் பாத்தேன். மெஷின்ல கோளாறுன்னா கறை தாளோட திரும்பணும்ல? திரும்பல. நான் எங்க பாத்தாலும் அங்கதான் நிக்குது. சுவத்தைப் பாத்தா சுவத்துல."

"அப்ப எதுக்குங்க பளிச்சுனு இருக்குன்னு சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? மெஷின்ல மாத்தறதுக்கு இன்னும் ஒரு பாகம் மிச்சம் இருக்குற வரைக்கும் நான் பூதக்கண்ணாடி. அதுக்கப்புறம் யாரு?" பேனாவை மூடப் பார்த்தார், மூடி இரண்டு தடவை விலகிப் போனது. "அன்னிக்கு வரைக்கும் மெஷின்தான்னு நெஜமாவே நம்பினேன்மா. நீயும் மங்கலா இருக்குன்னு சொன்னியே."

அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. சாட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசித் தொலைத்திருப்பாள். அவள் மேசையைச் சுற்றிவந்து அவர் கையைப் பிடித்தாள். "ரெண்டு கண்ணுமா?"

"வலதுதான் மொதல்ல. இடது ஓரளவு தெரிஞ்சுக்கிட்டுதான் இருந்துது." நிறுத்தினார். "அதுவும் போனது இப்பத்தான். இந்த வாரம்."

இந்த வாரம். முதல் நாளே திரும்பிப் பார்த்து, எனக்கொன்றும் மங்கலாக இல்லையே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இடது கண் பிழைத்திருக்குமோ? எந்த டாக்டர் என்ன சொன்னாலும் இந்தக் கேள்வி இனி அவளை விடப்போவதில்லை. "கிளம்புங்க, இப்பவே போலாம். சட்டையை மாத்துங்க" என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. முகத்தை மெல்ல அவளிடமிருந்து திருப்பி, கதவின் பக்கமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோபமா? என் மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டீங்களா?"

"உன்னைத்தான் பாக்கறேன்" என்றார். "நேரா பாத்தா நீ இல்ல. கதவுப் பக்கம் பாத்தாத்தான் உன் முகம் ஓரத்துல வருது. கொஞ்சம் ஆடாம இரு."

கண்ணீர் கன்னத்தில் இறங்கி, மூக்கோரத்தில் தேங்கி, உதட்டில் உப்புக் கரித்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் அந்த ஓரத்திலிருந்தும் போய்விடுவோமோ என்று அவள் அப்படியே அசையாமல் நின்றாள்.