தம்பி காதில் விழக்கூடாதது

இசாயாவின் முகம் வெந்த நண்டாகச் சிவந்துவிட்டது. சக்கர நாற்காலியின் ஓரத்தில் தொங்கும், சிறுநீர் வந்து சேரும் பை மதியம் இரண்டு மணியிலிருந்து காலி. இப்போது மணி ஆறாகப் போகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று சினிவாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கறிப்பலா மரத்திலிருந்து விழுந்து, நெஞ்சுக்குக் கீழே எதுவும் அசையாமல் போன புருஷனை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவள் அவள். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் இரத்த அழுத்தம் எகிறும், தலைவலி மண்டையைப் பிளக்கும், விட்டால் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து ஆளே போய்விடலாம். வீட்டில் மாற்றுக் குழாய் இல்லை. இருந்த ஒன்றே ஒன்றுதான் இப்போது அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். அது ஒரு பிரசவத்துக்காகத் தீவின் மறுகோடிக்குப் போயிருந்தது. மிச்சமிருந்தது தம்பி தனியேலுவின் பிக்கப் வண்டிதான். பிரச்சினை வண்டியில் இல்லை, தம்பியில் இருந்தது.

சவாயித் தீவில் அக்காவும் தம்பியும் சேர்ந்திருக்கும் இடத்தில் இடுப்புக்குக் கீழே உள்ள சங்கதி எதுவும் பேச்சில் வரக்கூடாது. வந்தால் வானம் இடிந்து விழாது. அதைவிட மோசம், வெட்கம் வரும். டிவியில் இரண்டு பேர் முத்தம் கொடுக்கப் போவது போலத் தெரிந்தாலே ஒருவர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். தனியேலுவுக்கு முப்பத்தெட்டு வயது. போன வருஷம் பேதியாகி எட்டு நாள் படுத்திருந்தபோது கூட, "வயித்துல கொஞ்சம் கலவரம்" என்றுதான் அக்காவிடம் சொல்லியனுப்பினான்.

"என்னக்கா, மச்சானுக்கு என்ன?" என்று கேட்டபடி தனியேலு வண்டியை நிறுத்தினான்.

"தலைவலி."

"தலைவலிக்கா ஆஸ்பத்திரி? ரெண்டு மாத்திரை போட்டா..."

"பெரிய தலைவலிடா. கேள்வி கேக்காம தூக்கு."

"பெரிய தலைவலிதான் மச்சான், பேரு சினிவா" என்றான் இசாயா. ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை, ஆனாலும் வாய் மட்டும் ஓயவில்லை.

நாற்காலியைப் பிக்கப்பின் பின்பக்கம் ஏற்றி, பன்றி கட்டும் கயிற்றால் கட்டினார்கள். படுக்க வைக்கக்கூடாது, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால்தான் அழுத்தம் கொஞ்சம் அடங்கும். சினிவா பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டியின் பின் கண்ணாடி எப்போதோ உடைந்து போனது. பின்னால் தும்மினாலும் முன்னால் ஓட்டுகிறவனுக்குக் கேட்கும்.

முதல் ஊரில் நுழைந்ததுமே சங்கு ஊதிவிட்டது. மாலை ஜெபம். அடுத்த சங்கு ஊதும் வரை தெருவில் ஒருவரும் நடக்கக்கூடாது, நிற்கவும் கூடாது. நிற்கக்கூடாது என்று சொல்வதற்காகத் தெருவோரம் நாலு பேர் நின்றார்கள். அதில் பெரிய தொப்பைக்காரர் ஒருவர் கையை நீட்டி வண்டியை மறித்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறோம் ஐயா" என்றாள் சினிவா.

"என்ன வியாதி?"

அவள் உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள். "தலைவலி."

"தலைவலிக்கு ஜெபத்தை விடவா மருந்து? அணைச்சுட்டுக் கண்ண மூடுங்க."

வேறு வழியில்லாமல் சினிவா குனிந்து, அவர் காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் கிட்டே கொண்டுவந்து குசுகுசுத்தாள். அக்கா ஏதோ ரகசியம் சொல்கிறாள் என்று தெரிந்ததும், மரியாதை தெரிந்த தம்பி கதவைத் திறந்து குதித்துத் தள்ளிப் போய் நின்றான்.

"தெருவுல நிக்காதேடா!" என்று மற்ற மூன்று பேரும் கத்தினார்கள். தனியேலு நடுத்தெருவில் அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

தொப்பைக்காரருக்குக் குசுகுசு என்றால் என்னவென்றே தெரியாது போலிருக்கிறது. "என்னது, அடைச்சிருச்சா? நாலு மணி நேரமா ஒரு சொட்டு கூட..." என்று அவர் கோவில் மணி மாதிரி ஆரம்பித்தார். மிச்சத்தைக் கேட்பதற்குத் தனியேலு அங்கே இல்லை. தவழ்ந்து வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

"போங்க, போங்க, உடனே போங்க! யாரும்மா டிரைவர்?"

"வண்டிக்கு அடியில இருக்கான்."

"டேய், வெளிய வாடா!"

"அவங்க பேசி முடிச்சாச்சா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

சினிவாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. புருஷன் உயிருக்குப் போராடுகிறான், காவல்காரர் கூவுகிறார், வண்டியோட்டி எஞ்சினுக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறான். அவன் காலைப் பிடித்து நாலு பேருமாக இழுத்துப் போட்டு, வண்டியைக் கிளப்ப முழுசாகப் பத்து நிமிஷம் போனது.

அடுத்த ஊர்ச் சங்கு அதன் பிறகுதான் ஊதியது. ஒவ்வொரு ஊர்க் கடிகாரமும் அந்தந்த ஊர்த் தலைவர் சொன்னபடி ஓடுகிறது, யாரைக் குறை சொல்வது? தூரத்தில் தடியோடு ஒருவர் தெரிந்ததும் தனியேலுவின் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதே மச்சான்! பாட்டு பாடு!" என்று இசாயா கத்தினான்.

அவனே ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில் அடிக்குரல் பாடுகிறவன். சினிவா மேல்குரலில் சேர்ந்துகொண்டாள். தனியேலு பயத்தில் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றைப் பாடினான். வண்டி ஊர்ந்து ஊர்ந்து தடிக்காரரிடம் வந்தது.

"நிறுத்துங்க! ஜெப நேரம்!"

"ஜெபத்துலதான் ஐயா இருக்கோம்!" என்றான் இசாயா. "ஒருத்தரும் நிக்கல, ஒருத்தரும் நடக்கல. நான் ஒம்பது வருஷமா நடக்கல!"

தடிக்காரர் யோசித்தார். உட்கார்ந்தபடி ஓடும் ஜெப வீட்டைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் வண்டி அவரைத் தாண்டிவிட்டது.

சினிவா சிரித்துவிட்டாள். இரண்டாம் சரணத்தில் அடிக்குரல் காணாமல் போனபோதுதான் சிரிப்பு நின்றது. இசாயாவின் கழுத்தில் வேர்வை கொட்டிக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது, பாட்டு வரவில்லை. இந்த வாய் நின்று அவள் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரி வாசல் சரிவானது. நாற்காலியின் பிரேக் வேலை செய்யாது என்பதால் தனியேலு அதை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். கையை விட்டால் மச்சான் உருண்டு நேரே கடலுக்குப் போய்விடுவான். முப்பது பேர் பெஞ்சுகளில் காத்திருந்தார்கள். நர்ஸ் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன?"

"பயங்கர தலைவலி. முகத்தைப் பாருங்க."

நர்ஸ் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்தாள். "எத்தனை வருஷமா இப்படி?"

"ஒம்பது."

"ஒம்பது வருஷமா இருக்கறதுக்கு இன்னிக்கு என்னம்மா அவசரம்? மாத்திரை தரேன். போய் உக்காருங்க, கூப்பிடுவோம்."

"அது இல்ல நர்ஸம்மா. பை நிறையல."

"எந்தப் பை?"

"அந்தப் பை." சினிவா கண்ணால் கீழே காட்டினாள்.

"சத்தமா, புரியற மாதிரி சொல்லுங்க. பின்னால ஆள் இருக்காங்க."

சினிவா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவனால் கையை விட முடியாது, காதைப் பொத்த முடியாது, ஓட முடியாது. கண்ணை மட்டும் இறுக மூடியிருந்தான். இசாயாவின் தலை மார்பில் சரிந்தது. போகட்டும், வெட்கமும் போகட்டும், எல்லாம் போகட்டும் என்று அவள் மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

"மூத்திரம்!"

ஆனால் அந்தக் குரல் அவளுடையது அல்ல. தனியேலுதான். வண்டிக்கு அடியிலும் எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. மூடிய கண்ணைத் திறக்காமல், தொண்டை கிழியக் கத்தினான்.

"மச்சானுக்கு மூத்திரம் அடைச்சிருக்கு! ரெண்டு மணியிலருந்து மூத்திரம் போகல! குழாய் மாத்தலன்னா செத்துருவாரு! மூத்திரம்! மூத்திரம்! இன்னும் எத்தனை தடவை சொல்லணும்?"

பெஞ்சுகளில் முப்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஒரு கிழவி மடியிலிருந்த குழந்தையின் காதைப் பொத்தினாள். அக்காவின் முன்னால்! நர்ஸ் நோட்டைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தாள். நாற்காலி உள்ளே பறந்தது.

பழைய குழாயை எடுத்துப் புதுசைப் போட்டார்கள். பை நிறைந்தது, இன்னொரு பை மாட்ட வேண்டி வந்தது. அரை மணியில் அழுத்தம் இறங்கியது, நண்டு மெதுவாக மனுஷனானது. "ஏண்டி அழறே? நான்தானே நோயாளி" என்று வாயும் திரும்பி வந்தது. டாக்டர் சினிவாவிடம், "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நீங்க வந்தும் பிரயோஜனம் இல்லம்மா" என்றார். அவள் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். பிறகு வெளியே வந்தாள்.

தனியேலு வண்டியில் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பொழைச்சுட்டாருடா" என்றாள்.

துண்டுக்குள் தோள் குலுங்கியது. "நான் ஒண்ணும் சொல்லலக்கா" என்றான்.

அக்கா வாயில் வர இருந்ததைத் தன் வாயில் வாங்கிக்கொண்டவன். சினிவா ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ ஒண்ணுமே சொல்லலடா தம்பி" என்றாள்.

அந்தப் பெஞ்சுகளில் இருந்த முப்பது பேரும் இப்போதும் அந்தத் தீவில்தான் இருக்கிறார்கள். போய்க் கேட்டுப் பாருங்கள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் யாரோ எதையோ சத்தமாகச் சொன்னதாக அவர்களில் ஒருவருக்குக் கூட ஞாபகமில்லை.