கழுவாத சிவப்பு

அடிசா எழுந்தான். நைஜீரியாவின் ஒக்போமோஷோ ஊரில் அன்றும் மின்சாரம் இல்லை. வாளித் தண்ணீரில் குளித்தான். முனைக்கடையில் அகாரா வடை வாங்கி வந்து, புளித்த மக்காச்சோள ஓகிக் கஞ்சியோடு நின்றபடியே தின்றான். தட்டு, கரண்டி, பாத்திரம் எல்லாவற்றையும் கழுவினான். சுத்தமாக இருந்தவற்றையும் கழுவினான். பிறகு பைக் டாக்சியில் ஆய்வுக்கூடத்துக்குப் போனான்.

அவன் மனைவி மொரெனிகே அதே கூடத்தில்தான் ஆய்வு செய்தாள். ஓகி புளிக்கும் நீரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதற்குச் செலினியம் உப்பைக் கொடுத்தாள். அது உப்பைச் சிவப்பு நுண்துகள்களாக மாற்றித் தந்தது. அவை மாதக்கணக்கில் அடியில் படியாமல் மிதக்கும் என்று எழுதினாள். மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். யாராவது திரும்பச் செய்து காட்டாவிட்டால் அவள் ஆய்வை வெளியிட முடியாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அதே பாக்டீரியா, அதே உப்பு. அவன் செய்வது மட்டும் மறுநாளே கறுத்து, அடியில் கட்டிதட்டிப் போகிறது. அவள் பொய் எழுதியிருப்பாளோ என்று தோன்றியது. அப்படி நினைத்தது தான்தானா என்று நம்பவும் முடியவில்லை.

"கடைசியா உன்கிட்ட ஏதாச்சும் சொல்லியிருப்பாளேடா," என்றாள் பக்கத்து மேசை இபிதுன்.

"இதப் பத்தி ஒண்ணும் சொல்லலக்கா."

துகளைப் படியவைத்து, ஆல்கஹால் ஊற்றி அலசினான். மறுபடியும் அலசினான்.

"டேய், துகளக் கழுவுறியா, அடிப்பிடிச்ச ஜொலோஃப் சோத்து அண்டாவத் தேய்க்கிறியா? தோலே உரிஞ்சிரும் போலிருக்கே!"

அவன் கை நின்றது. துகளின் மேல் பாக்டீரியாவின் புரதம் மெல்லிய உறையாக ஒட்டியிருக்கும். அந்த உறையின் மின்னூட்டம்தான் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தள்ளி வைக்கும். வகுப்பில் அவனே நடத்திய பாடம். அதைத்தான் அழுக்கென்று அலசிக் கொட்டியிருக்கிறான்.

அடுத்த முறை வெறும் நீரில் லேசாக அலசியதோடு விட்டான். வாரங்கள் போயும் குடுவை சிவப்பாகவே இருந்தது.

"அவ ஜெயிச்சிட்டாடா!" இபிதுன் கைதட்டினாள். "நீ என்ன முழிக்கிற?"

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. எப்படி என்று தெரியவில்லை. இத்தனை நாளும் எதையெல்லாம் கழுவினோம் என்று யோசித்தான். அவள் தலையணை உறை. சீப்பு. பாதி டீயோடு மேசையில் இருந்த கப்.

அன்று காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, கார் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்லியிருந்தாள்:

"கப்பக் கழுவிடாத அடிசா. வந்து மிச்சத்தக் குடிக்கிறேன்."