மூன்றில் மோசமானது

முனவ்வர் பேகம் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருந்த வாடகை வீடு ஆம்பூரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை விலைக்கு வாங்க முடிவு செய்தாள். சென்னையிலிருந்த வீட்டுக்காரர் முப்பத்தொரு லட்சம் கேட்டார். மூன்று லட்சம் முன்பணம் வாங்கிக்கொண்டார். அவர் மகன் அமெரிக்காவிலிருந்து வந்து கையெழுத்துப் போட ஒன்றரை ஆண்டு ஆகும். அதுவரை அவகாசம். மார்ச் மாதக் கடைசிக்குள் மீதி வராவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போகும். முன்பணமும் திரும்பாது.

மீதிப் பணம் இருந்தது. அவள் கணவன் ஜியாவுதீன் துபாயில் இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்து அங்கேயே இறந்தான். கம்பெனி கொடுத்த தொகை, அங்கேயே வேலை பார்க்கும் மகன் உமர் ஃபாரூக்கின் பெயரில் அங்குள்ள ஒரு வங்கியில் கிடந்தது. நம் பணத்தில் இருபத்தெட்டு லட்சம்.

ஒன்றரை ஆண்டு அது ஏன் சும்மா கிடக்க வேண்டும் என்று வங்கியின் ஆள் உமரிடம் கேட்டான். வங்கியே வெளியிடும் ஒரு பத்திரம் இருப்பதாகச் சொன்னான். ஒரு மாலை உமர் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டான். ஆம்பூரில் முனவ்வரும் அவள் அண்ணன் மக்பூல் அகமதுவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வட்டின்னா வேணாம்" என்றாள் முனவ்வர், முதலிலேயே. "உங்க வாப்பா உழைச்ச காசு. அதுல ஹராம் கலக்கக் கூடாது."

"வட்டி இல்ல அம்மி. ஷேர் மார்க்கெட்டைப் பாத்து லாபம் குடுக்கறது."

வங்கியின் ஆள் நல்ல தமிழ் பேசினான். "மூணு கம்பெனி ஷேர் சார். மூணு மாசத்துக்கு ஒருதரம் வெலையப் பாப்போம். ரொம்ப எறங்காம இருந்தா நூத்துக்கு மூணு. கடைசியில மொத்தப் பணமும் திரும்ப வந்துடும்."

"எந்தெந்தக் கம்பெனி?" என்றார் மக்பூல்.

"ஒண்ணு சிப் செய்யறவங்க. ஒண்ணு மருந்து. மூணாவது ஷூ."

ஷூ கம்பெனியின் பெயரைக் கேட்டதும் மக்பூல் சிரித்துவிட்டார். அவர் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலையிலிருந்துதான் அந்த ஷூவுக்குத் தோல் போனது. முப்பத்தாறு ஆண்டுகளாக அவர் அங்கே தரம் பிரிக்கிறவர். மேசைமேல் தோலை விரித்து, உண்ணி கடித்த இடத்தையும் கத்தி பட்ட இடத்தையும் பார்த்து, பின்பக்கம் சாக்குக்கட்டியால் எண் போடுவார். அவர் போட்ட எண்ணை வெளிநாட்டுக்காரர்கள் திருப்பிப் பார்ப்பதில்லை. குடும்பத்தில் எதை வாங்குவதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவர் தங்கைக்கு விளக்கினார்.

"நம்ம டி.ஆர். லாட்டு மாதிரிம்மா. நல்ல தோலு, நடுத்தரம், மோசம், மூணும் கலந்து ஒரே வெலை. ஒண்ணு மோசமாப் போனாலும் மத்த ரெண்டு தூக்கிடும். ஒரே தோலா வாங்கறதைவிட இது நல்லது."

அவள் தலையாட்டினாள். தோல்காரர் வீட்டில் பிறந்தவள். அவளுக்குப் புரிந்தது.

திரையில் வங்கியின் ஆள் கேட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தான். மூடினான்.

"எல்லாம் டாக்குமெண்ட்ல இருக்கு சார்" என்றான்.

டாக்குமெண்ட் நாற்பத்திரண்டு பக்கம். உமர் போனிலேயே கையெழுத்துப் போட்டான்.

மூன்று முறை எண்பத்து நாலாயிரம் வந்தது. முனவ்வர் அதைத் தொடவில்லை. பத்திரப் பதிவுச் செலவுக்கு என்று எடுத்து வைத்தாள்.

நாலாவது முறை வரவில்லை. அது செப்டம்பர்.

அமெரிக்காவில் வரி ஏற்றியிருந்தார்கள். ஆர்டர் குறைந்தது. மாதனூர் பக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ் நாலு இருந்தது, இரண்டானது. மேசைக்கு எதிர்ப்பக்கம் தோல் விரித்துக் கொடுக்கும் செந்தில்குமார், "இன்னா பாய், இப்படியே போனா நீயும் நானும்தான் மேசை மேல படுத்துக்கணும். எனக்கு இன்னா நம்பர் போடுவே?" என்றான்.

"உனக்கு எதுக்குடா நம்பர். ரிஜெக்ட்டு."

அன்று மத்தியானம் உமர் கூப்பிட்டான்.

"மாமூ, ஷூ கம்பெனி எறங்கிடுச்சி. நூறுல ஆரம்பிச்சது அறுபத்தாறுல நிக்குது. எழுபதுக்குக் கீழ போனா அந்தத் தடவை காசு இல்லையாம்."

"மத்த ரெண்டு?"

"சிப்பு நூத்தி நாப்பது. மருந்து நூத்திப் பன்னெண்டு."

மக்பூல் சாக்குக்கட்டியால் மேசை ஓரத்தில் எழுதிக் கூட்டினார். மூன்றால் வகுத்தார். "நூத்தியாறு வருதேடா. ஆரம்பிச்சதைவிட ஜாஸ்தி."

"எனக்கும் புரியல மாமூ. அந்தப் பேங்கு ஆளு போனை எடுக்க மாட்டேங்கறான்."

ஏற்றுமதிப் பத்திரங்களைப் பார்க்கும் ஹேமலதா அலுவலகத்தில் இருந்தாள். சரக்குக்கு வங்கி கொடுக்கும் கடிதத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் நின்றுவிடும். பத்தொன்பது ஆண்டுகளாக அவள் வேலை அந்த எழுத்தைக் கண்டுபிடிப்பது. உமர் அனுப்பிய டாக்குமெண்டைத் திறந்து மக்பூல் போனை அவளிடம் நீட்டினார். அவள் நாற்பத்திரண்டு பக்கத்தையும் அச்செடுத்து, சாப்பாட்டு நேரம் முழுவதும் படித்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

"பாய், யாரு வாங்குனது இதை?"

"என் தங்கச்சி பணம். நான்தான் சொன்னேன்."

அவள் ஒரு வரியில் விரலை வைத்தாள். "இங்க பாருங்க. வர்ஸ்ட் பர்ஃபார்மிங். மூணுல எது மோசமோ அதை மட்டும்தான் பாப்பாங்க. மத்த ரெண்டு எவ்ளோ ஏறினாலும் கணக்குல இல்ல."

"கலந்து பாக்கறது இல்லையா?"

"இல்ல. மொத்த லாட்டுக்கும் மோசமான தோலோட ரேட்டு."

அப்படி ஒரு லாட்டை மக்பூல் பார்த்ததில்லை. எந்த வியாபாரியும் அதை விற்க வந்ததில்லை.

"கடைசி நாள்ல அந்த மோசமானது அறுபதுக்கு மேல நின்னா முழுப் பணம் வரும்" என்றாள் ஹேமலதா. "அறுபதுக்குக் கீழ போச்சுன்னா, எவ்ளோவுல நிக்குதோ அவ்ளோதான் வரும். அறுபத்தொண்ணுன்னா நூறு. அம்பத்தொன்பதுன்னா அம்பத்தொன்பது."

"சிப்பு நாப்பது ஏறியிருக்கே. அது?"

"ஏறுனது நமக்கு இல்ல பாய். எறங்குனது மட்டும்தான் நமக்கு." அவள் பக்கங்களைப் புரட்டினாள். "இன்னொண்ணு. இது டெபாசிட் இல்ல. பேங்குக்கு நாம கடன் குடுத்திருக்கோம். அந்தப் பேங்கு முழுகினா, கம்பெனி மூணும் நல்லா இருந்தாலும் பணம் வராது."

"கடனா?"

"கடன்தான்."

"அப்ப அந்த நூத்துக்கு மூணு? வட்டியா?"

ஹேமலதா அவரைப் பார்த்தாள். காகிதங்களை அடுக்கிக் கொடுத்தாள்.

நடுவில் வெளியே வர முடியுமா என்று உமர் வங்கியில் எழுதிக் கேட்டான். மூன்றாம் நாள் பதில் வந்தது. வங்கியே திரும்ப வாங்கிக்கொள்ளும், நூற்றுக்கு எழுபத்திரண்டுக்கு. இருபது லட்சத்துப் பதினாறாயிரம். இந்த விலை இன்றைக்கு மட்டும்.

"அம்மிகிட்டக் கேக்கலாமா மாமூ?"

"வேணாம். நான் சொல்றேன்."

அன்று சாயங்காலம் அவர் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் பின்பக்கச் சுவரைக் காட்டினாள். ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்திருந்தது. வீடு கைக்கு வந்ததும் முதலில் இதைப் பூச வேண்டும் என்றாள். கொத்தனாரிடம் கேட்டு வைத்திருந்தாள். டீ கொடுத்தாள்.

"நம்ம பணம் எப்படி இருக்கு பாய்ஜான்? இந்தத் தடவை காசு வரலியே."

"ஒரு தடவை வராது. அப்படித்தான் இருக்கும்."

"பணம் இருக்குல்ல?"

"இருக்கு."

அவர் உமரிடம், விற்க வேண்டாம் என்று சொன்னார். அறுபத்தாறு எங்கே, அறுபது எங்கே. ஆறு மாதம் தாங்கினால் முழுப் பணம். யாரும் எதையும் அறிய வேண்டியதில்லை.

ஆறு மாதமும் தினம் விலை பார்த்தார். அதற்கு முன் அவர் போனில் தொழுகை நேரம் மட்டும் பார்ப்பார். அறுபத்து நாலு. அறுபத்தொன்று. அறுபத்தேழு. அறுபத்து மூன்று. அந்தக் கம்பெனிக்குப் போகும் தோல் மேசைக்கு வரும்போது கை நின்றது. நல்ல தோலாக இருந்தது. இரண்டு முறை எண்ணை அழித்துப் போட்டார்.

"இன்னா பாய்," என்றான் செந்தில்குமார், "நீயே அழிச்சிப் போடறே? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"விரிடா."

அதற்குள் தங்கை வீட்டில் பல முறை டீ குடித்தார். டிசம்பரிலும் காசு வரவில்லை. அவள் கேட்டபோதெல்லாம் இருக்கு என்றார்.

மார்ச் மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை, கடைசி விலை பார்க்கும் நாள். அமெரிக்கச் சந்தை முடியும்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். வெள்ளி காலை உமரின் செய்தி இருந்தது. ஒரே எண். ஐம்பத்தெட்டு.

ஜும்மா முடிந்து மக்பூல் தங்கை வீட்டுக்குப் போனார். முனவ்வர் அவரைப் பார்த்ததும் அடுப்பை மூட்டப் போனாள். டீ வேண்டாம் என்றார். அவள் நின்றாள்.

"பணம் வந்துடுச்சா?"

"பதினாறு லட்சத்து இருபத்து நாலாயிரம் வரும்."

"சரி. மீதி எப்ப?"

"மீதி இல்லம்மா."

அவள் உட்கார்ந்தாள். அவர் சொன்னார். மூன்று கம்பெனி, மோசமானது ஒன்று, அதன் ரேட்டு மொத்தத்துக்கும், ஆபீஸில் ஒரு பெண் பேப்பரைப் படித்துச் சொன்னது. அவளுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எந்தக் கிறுக்கன் அப்படி ஒரு லாட்டை வாங்குவான்?"

"நான் வாங்குனேன்."

ஒரு ரயில் போனது.

"உங்களுக்குத் தெரியாம வாங்கிட்டீங்க" என்றாள். "அந்தப் பேங்குப் பையன் சொல்லியிருக்கணும். சொல்லல. நாம இன்னா பண்ணுவோம்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உமர் சொல்ல மாட்டான். மக்பூல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இன்னொண்ணு இருக்கு. செப்டம்பர்ல பேங்குல திரும்ப வாங்கிக்கறேன்னாங்க. இருபது லட்சத்துக்கு. நான் வேணாம்னுட்டேன்."

"செப்டம்பர்லயே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கு நான் சுவரைக் காட்டினேன்."

"ஆமா."

"இருபது கையில இருந்தா வீட்டுக்காரர்கிட்டப் பேசியிருப்பேன். உமரு கொஞ்சம் பொரட்டியிருப்பான். ஆறு மாசம் இருந்துச்சி பாய்ஜான்."

"ஆமா."

"இருக்கு இருக்குன்னீங்களே. இங்கதான் உக்காந்துக்கினு."

அவர் தன் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது என்றார். அதை அவள் பெயருக்கு எழுதிவிடுவதாகச் சொன்னார்.

"அங்க வந்தா தினம் உங்க மூஞ்சியைப் பாக்கணும்" என்றாள் முனவ்வர். கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டுக்காரருக்கு அவளே போன் செய்தாள். மூன்று மாதம் கேட்டாள். அவர் மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கால் மணி நேரத்தில் கூப்பிட்டார். மகன் டிக்கெட் போட்டுவிட்டான், முப்பத்து நாலுக்கு வேறு ஆள் இருக்கிறது, முன்பணத்தில் பாதியைத் தந்துவிடுகிறேன், மன்னிச்சிடும்மா என்றார். அவள் சரி என்றாள். எப்போது காலி செய்ய வேண்டும் என்று கேட்டாள். போனை வைத்தாள்.

"மாதனூர் ரோட்ல ஒரு வீடு சொன்னாங்க" என்றாள். "சின்னது. பதினேழு கேக்கறாங்களாம். பேசிப் பாக்கணும்."

"நான் வந்து பாக்கறேன்."

"வேணாம்."

அவர் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கையில் அவள் வாசலுக்கு வந்தாள்.

"அந்தப் பேப்பரைப் படிச்சாங்களே, உங்க ஆபீஸ்ல. அவங்க பேரு இன்னா?"

"ஹேமலதா."

"அவங்க நம்பர் குடுங்க. வீட்டுப் பத்திரத்தைப் படிக்கச் சொல்லணும்."

அவள் ஒரு சீட்டு கொடுத்தாள். கொத்தனார் சிமெண்டுக்கும் மணலுக்கும் விலை எழுதிக் கொடுத்த சீட்டு. மக்பூல் அதன் பின்பக்கத்தில் எண்ணை எழுதினார். அவள் வாங்கி, ஒவ்வோர் எண்ணாக உரக்கப் படித்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றார்.

"கடைசியில இருக்கறது ஏழா, ஒண்ணா?"

"ஏழு."

"தெளிவா இல்ல. மறுபடி எழுதுங்க."

சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் சுவரில் வைத்து எழுதினார்.