மரியாதையாய் உடைந்த கண்ணாடி

அன்று பேராசிரியை பலகையில் ஒரே ஒரு வார்த்தைதான் எழுதினார்: ஏளனம்.

"கோபம் கல்யாணத்தைக் கொல்லாது. கத்துறவங்க நாளைக்கே சேர்ந்துடுவாங்க. ஒருத்தரை ஒருத்தர் மட்டம் தட்டிப் பேச ஆரம்பிச்சாங்கன்னா, விவாகரத்து வாசல்ல வந்து செருப்பைக் கழட்டிடுச்சுன்னு அர்த்தம்" என்றார்.

காதல், கல்யாணம், விவாகரத்து பற்றிய பாடம் என்பதால் அன்றைக்கு மட்டும் மனோதத்துவ வகுப்பில் யாரும் தூங்கவில்லை. வீட்டுப்பாடமும் சுவாரசியமாகத்தான் இருந்தது. தெரிந்த தம்பதியின் பேச்சைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து, ஒவ்வொரு வாக்கியமும் அன்பா, கோபமா, ஏளனமா என்று பிரித்து, இந்தக் கல்யாணம் தாங்குமா தாங்காதா என்று சொல்ல வேண்டும்.

அந்த வகுப்பில் ஒருத்திக்கு ஆள் தேடி அலைய வேண்டிய வேலையே இல்லை. தங்கியிருப்பது அண்ணன் வீட்டில். மேலே குடித்தனம், கீழே கண்ணாடிக் கடை. அண்ணனும் அண்ணியும் சேர்ந்துதான் ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, ஆளுயர முகக்கண்ணாடி எல்லாம் அளந்து வெட்டிக் கொடுக்கிறார்கள். பில் போடும் மூலைக்கும் வெட்டும் மேஜைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அதன்மேல் போனை வைத்துவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

"யோவ் தூங்குமூஞ்சி, உன் பக்கம் இறக்கு."

"இறக்கிட்டுத்தான் இருக்கேன். உன் கண்ணு என்ன பின்மண்டையிலயா இருக்கு?"

"அங்க இருந்திருந்தா உன் மூஞ்சியைப் பார்க்காம நிம்மதியா இருந்திருப்பேன். யோவ், முட்டி, முட்டி இடிக்கும்."

"வந்துட்டாங்க பெரிய இன்ஜினியரு."

சாயங்காலம் பிரித்துப் பார்த்தாள். எல்லாமே ஏளனம். அன்பில் தேறியது, "தண்ணி குடிச்சியா?" என்று அண்ணி கேட்டது மட்டும். அதற்கும் அண்ணன், "நீ கொடுத்தா அதுவும் கசக்கும்" என்று பதில் சொல்லி வைத்திருந்தான்.

அண்ணி கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால்? அண்ணியில்லாத அண்ணனை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அவளைக் கல்லூரியில் சேர்க்கச் சொல்லி அண்ணனோடு மல்லுக்கட்டியவளே அண்ணிதான். சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சாப்பாட்டு நேரத்தில் போட்டு உடைத்துவிட்டாள்.

"கோவிச்சுக்கக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் விவாகரத்தை நோக்கிப் போயிட்டு இருக்கீங்க."

"எந்த பஸ்ல?" என்றாள் அண்ணி.

"விளையாட்டில்ல அண்ணி. ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க."

"மத்த வீட்டு நாத்தனாருங்க கோள் மூட்டிப் பிரிப்பாங்க. நம்ம வீட்டு நாத்தனாரு ஆராய்ச்சி பண்ணிப் பிரிக்கிறா. படிச்ச குடும்பம்ல."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டான். "நிஜமாவே அப்படித்தான் போட்டிருக்கா, டாக்டரு?"

"ஆமாண்ணா."

அவன் தட்டையே பார்த்தான். "அப்ப கொஞ்ச நாளைக்கு மரியாதையாப் பேசித்தான் பார்ப்போமே."

அண்ணி முகத்தில் இருந்த சிரிப்பும் போய்விட்டது. "சரிங்க" என்றாள். அவர்கள் இருவருக்குள் 'ங்க' கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கடை ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. ஆளுக்கொரு பாராட்டாவது சொல்லியாக வேண்டும் என்று டாக்டர் வேறு கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"நீங்க போட்ட கோடு ரொம்ப நேரா இருக்குங்க."

"நன்றிங்க. உங்க செருப்பும் நல்லா இருக்கு."

ஜன்னலுக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர் கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளிடம் வந்து, "கடை கைமாறிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

மத்தியானம் நடனப் பள்ளிக்கான ஆளுயரக் கண்ணாடியை வேனுக்குத் தூக்கினார்கள். கையுறை மாட்டிக்கொண்டு அண்ணன் முன்னால் பின்னோக்கி நடந்தான். அண்ணி பின்னால். வாசலைத் தாண்டும்போது அவன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. மற்ற நாளாக இருந்தால் ஒரு 'யோவ்' போதும்.

"தயவுசெஞ்சு நீங்க கொஞ்சம் இடது பக்கமா..."

அந்த மரியாதை முடிவதற்குள் கண்ணாடி கதவு நிலையில் மோதியது. இருவரும் துள்ளி விலகினார்கள். யாருக்கும் அடியில்லை. வாசல் முழுக்கத் துண்டு துண்டாக வானம் கிடந்தது.

"பரவாயில்லைங்க" என்றாள் அண்ணி.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "திட்டு."

"மாட்டேங்க."

"ஒரே ஒரு தடவை திட்டும்மா. பயமா இருக்கு."

"எனக்குப் பயமா இல்லையா?" அண்ணி கையுறையைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள். "நேத்து இவ சொன்னப்போ நான் சிரிச்சேன். நீ பாதியில நிறுத்திட்டே. அப்ப உன் மனசுல ஏதோ இருக்கு. இருந்தா சொல்லிடு."

தங்கை தடுப்பு ஓரமாக நின்றாள். தப்பு பண்ணிவிட்டோம், தன் கையாலேயே பிரித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அண்ணன் வெகுநேரம் துடைப்பத்தைத் தேடுவதுபோல் பாவனை செய்தான். அது அவன் கையிலேயே இருந்தது.

"நீ எதுக்கு என்கூட இருக்கேன்னு எனக்கு எப்பவுமே புரிஞ்சதில்ல. கேட்டா நீ யோசிக்க ஆரம்பிச்சிடுவியோன்னு கேட்டதும் இல்ல. இவ ஆராய்ச்சின்னதும், சரி, கண்டுபிடிச்சிட்டாங்கபோலன்னு நினைச்சேன்."

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்ளோ நாளா இதைத் தூக்கிட்டா சுத்தினே?"

"ஆமா."

"லூசு" என்றாள், மெதுவாக. "நான் திட்டினா எல்லாரும் தரையைப் பார்ப்பாங்க, இல்லேன்னா எகிறுவாங்க. நீ ஒருத்தன்தான்யா என் முகத்தைப் பார்த்துக்கிட்டே பதிலுக்குப் பேசினே. அதுக்குத்தான்யா உன்னைப் பிடிச்சுது. இதைக்கூடச் சொன்னாத்தான் தெரியுமா உனக்கு?"

அண்ணன் துடைப்பத்தால் சுத்தமாக இருந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினான்.

"அங்க என்ன இருக்குன்னு கூட்டுற? கண்ணாடி இங்க கிடக்கு, மலைமாடு."

அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று தங்கை பதறி எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

வேறு கண்ணாடி வெட்டி முடிப்பதற்குள் நடனப் பள்ளி டீச்சரே வேனைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். இந்தத் தடவை அவள் தடுப்புக்குப் பின்னால் உட்காரவில்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். பின்னோக்கி நடந்த அண்ணன் கண்ணாடியையும் பார்க்கவில்லை, படியையும் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தை மட்டுமே பார்த்தான்.

"யோவ், சாயாத. தூண் வேற பக்கத்துல இருக்கு, அதுக்கு உன்னைவிட அறிவு ஜாஸ்தி."

"அப்ப அதையே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானே."

"கேட்டேன். அது ஒத்துக்கல. படி, படி, தடியா."

படி தெரிந்தவன்போல் அவன் கால் தானாக இறங்கியது. கண்ணாடி ஒரு கீறல் இல்லாமல் வேனுக்குள் போயிற்று.

டீச்சருக்கு மனசு தாங்கவில்லை. அவளை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, இவங்களுக்குள்ள ரொம்பப் பிரச்சினையோ? எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்காரு. நல்லபடியாப் பிரிச்சு வைப்பாரு."

"வேணாம் மேடம்" என்றாள் அவள். "காலையிலதான் கொஞ்சம் மரியாதையாப் பேசிட்டாங்க. இப்ப சரியாயிடுச்சு."