ஐந்தாவது கட்டம்

என் மகள் ஜெயப்ரியா பத்தாம் வகுப்பில் கணக்குக்கு ஐம்பத்து நான்கு வாங்கிய அன்று நான் அவளைத் திட்டவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். இருபத்திரண்டு வருடமாக ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பாகம் கோணலாக வந்துவிட்டால் யாரையும் பிடித்துக் கத்துவது எங்கள் வழக்கமில்லை. ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்போம். தாளில் ஐந்து கட்டம் இருக்கும். ஒரு கட்டத்தில் எழுதிய பதிலுக்கு அடுத்த கட்டத்தில் ஏன் கேட்க வேண்டும். ஐந்தாவதில் மூலக் காரணம் வந்து நிற்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

"எழுதும்மா. மொதக் கட்டம். ஏன் அம்பத்தி நாலு?"

"படிக்கல" என்று எழுதினாள்.

"ஏன் படிக்கல?"

பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "கணக்கு சார் ஆஸ்பத்திரில இருந்தாருப்பா. மூணு மாசம் கிளாஸே நடக்கல. எல்லாருக்கும் கொறஞ்சிருக்குது. அத எழுதட்டா?"

"ஆள் பேரு எழுதக் கூடாது. அதான் மொத ரூலு. ஆளக் கொற சொல்றதுக்கு இந்தத் தாளு இல்ல. உன் பக்கம் என்ன நடந்துச்சுன்னு எழுது."

அவள் கெட்டிக்காரி. நான் எந்தப் பக்கம் தள்ளுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுதினாள். நேரமில்லை. சாயங்காலம் பிராக்டீஸ். மாநிலப் போட்டி இருந்தது. ஐந்தாவதாக, ஏன் போட்டிக்குப் போனாய் என்று கேட்டதற்கு, ‘புடிச்சிருந்தது’ என்று எழுதினாள். அதன் கீழே நான் சிவப்பு மையில் ‘மூலக் காரணம்: பூப்பந்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மனைவி வீரலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பெத்த புள்ளையும் உங்களுக்கு மிஷினுதானா?" என்றாள். மிஷின் என்றால் இவ்வளவு பொறுமையாகக் கேட்டிருக்க மாட்டேன்.

பூப்பந்து என்றால் மஞ்சள் கம்பளிப் பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், மண் தரை. ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரிக்கு நாங்கள் வாடகைக்கு வந்த வருடத்தில் அவள் அதைப் பிடித்தாள். அரசுப் பள்ளியில் அனிதா டீச்சர் என்று விளையாட்டு ஆசிரியை ஒருத்தி இருந்தாள். அவள்தான் இந்தப் பைத்தியத்தை வளர்த்துவிட்டது. அந்த வருடம் மாநில அளவில் இரண்டாம் இடம். மகள் நாலு பேர் முன்னால் ஆடுவது எனக்குப் பிடிக்காது என்று வீரலட்சுமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது பொய். ஒருமுறை போய்ப் பார்த்தேன். பின்வரிசையில் நின்று, எங்கே அடித்தாலும் முன்கூட்டியே அங்கே போய் நின்றாள். பிரமாதமாக ஆடினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுமாராக ஆடுகிறவர்கள் தானாக விட்டுவிடுவார்கள்.

அதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கதுரையைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒரு காலத்தில் எங்கள் கம்பெனி வாலிபால் அணிக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவன். அணியைக் கலைத்ததும் லோடிங்கில் போட்டுவிட்டார்கள். இரண்டு முட்டியும் போய்விட்டது. கறிக்குழம்பு வைக்கச் சொன்னேன். கை கழுவப் போகும்போது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை மகள் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தேன்.

"தங்கதுர, பாப்பாகிட்ட சொல்லு. ஆட்டம் என்ன குடுத்துச்சு உனக்கு?"

அவன் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு யோசித்தான். "முட்டியப் புடுங்கிக்கிச்சு. மறுபடி குடுத்தா மறுபடி அதுலயே உட்டுருவேன்" என்றான். பிறகு ஜெயப்ரியாவிடம் மட்டையை எடுத்து வரச் சொல்லி, பிடியில் சுற்றியிருந்த துணி தளர்ந்திருக்கிறது என்று பிரித்து இறுக்கிச் சுற்றிக் கொடுத்தான். இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு நான் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றச் சொல்லவில்லை.

அனிதா டீச்சரும் வந்தாள். ப்ளஸ் ஒன்னுக்கு இங்கேயே இருந்தால் அடுத்த வருடம் தமிழ்நாடு அணியில் எடுத்துவிடுவார்கள், கணக்குக்குத் தனியாக ஆள் வைத்துச் சொல்லித் தருகிறேன் என்றாள்.

"நீங்களும் ஸ்டேட் பிளேயர்தானே?" என்று கேட்டேன்.

"ஆமா சார்."

"வேல பர்மனென்ட்டா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தற்காலிக வேலைதான் என்று எனக்கு முன்பே தெரியும். கதவுக்குப் பின்னால் மகள் நிற்பதும் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

கிருஷ்ணகிரி போகிற ரோட்டில் விடுதியோடு ஒரு பள்ளி. நாலு பள்ளி பார்த்து அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். மற்ற பெற்றோர் எல்லாம் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். விளையாட மைதானம் இல்லையே என்று நான் ஒன்றுதான் கேட்டேன். தாளாளர் முகம் மலர்ந்து என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார். "இங்கதான் சார் கிரவுண்டு இருந்துச்சு. எடம் வேஸ்டா கெடந்துச்சு. இப்ப பாருங்க" என்றார். மூன்று மாடிக் கட்டடம். எல்லாம் படிப்பு ஹால். ஜன்னல்கள்கூட தலைக்கு மேலே. எனக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தப் பள்ளியில் சேர்க்கப்போவதாகச் சொன்னபோது ஜெயப்ரியா அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, அங்க கிரவுண்டு இருக்குதா?"

"இருக்குது. பின்னாடி."

"கோர்ட் போட எடம் இருக்குமா?"

"ரெண்டு போடலாம்."

"அப்ப நான் போறேம்பா. அங்கயே ஒரு டீம் சேத்துக்கறேன்" என்றாள். அப்பாடா என்று இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

சேர்க்கை நாளில் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் மட்டை இருந்தது. கம்பளிப் பந்து ஆறு. அவள் வைப்பதைப் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். விடுதி வாசலில் பெட்டியைத் திறந்து பார்த்த வார்டன் மட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இங்க ஆட எடமே இல்ல சார், இதெல்லாம் உள்ள போகாது. பிள்ளைங்க கவனம் செதறும்."

ஜெயப்ரியா கட்டடத்தின் பக்கவாட்டில் நடந்து போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த ரேங்க் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். திரும்பும் பேருந்தில் மட்டையை முட்டிக்கு நடுவில் வைத்திருந்தேன். பாப்பாவுக்கு வாங்கிட்டுப் போறீங்களா என்று கண்டக்டர் கேட்டான். ஆமாம் என்றேன்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு பெற்றோர் பார்க்கலாம். ஒரு மாதமும் நான் தவறவிட்டதில்லை. முன்பெல்லாம் வீட்டில் அவள் வாய் ஓயாமல் பேசுவாள், யார் எந்தப் பந்தை எப்படி விட்டாள் என்று சோற்றை அள்ளிக்கொண்டே நடித்துக் காட்டுவாள். இப்போது வந்து உட்கார்ந்ததும் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுவாள். கணக்கு தொண்ணூற்றொன்று. கணக்கு தொண்ணூற்றாறு. பிறகு கொண்டுபோன சோற்றைச் சாப்பிடுவாள். அவளோடு ஆடிய தமிழ்செல்வி தமிழ்நாடு அணிக்குத் தேர்வாகி, நல்ல மட்டை இல்லை என்று வீட்டுக்கு வந்தாள். பரணில் கிடந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதை நல்ல செய்தி என்று நினைத்து அடுத்த ஞாயிறு மகளிடம் சொன்னேன்.

"சரிப்பா" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

ப்ளஸ் டூவில் அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று. கணக்கில் நூறு. கேன்டீனில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். தங்கதுரைக்கு இரண்டு கொடுத்தேன், வேண்டுமென்றே. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும், வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம், வாராவாரம் வந்துபோகலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கலந்தாய்வில் கல்லூரிகளின் வரிசையை அவளே நெட் சென்டரில் போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். ஒதுக்கீடு வந்தபோது பார்த்தேன். நாகர்கோவில்.

"தப்பா அமுக்கிட்டியா?"

"இல்லப்பா. மொதல்ல அதத்தான் போட்டேன்."

"அங்க கிரவுண்டு பெருசா இருக்குதா? அதுக்குத்தான் போறியா?"

"கிரவுண்டு இருக்குதான்னு நான் பாக்கல" என்றாள். அவள் சொன்னது உண்மை என்று குரலிலேயே தெரிந்தது. ஆடத்தான் போகிறாள் என்றால் சண்டை போட்டிருப்பேன்.

"அப்பறம் ஏன்டி?"

அவள் எழுந்து போய் என் மேசை இழுப்பறையைத் திறந்தாள். கம்பெனித் தாள் ஒன்றை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து எழுதினாள். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஏன்களையும் அவளே எழுதிக்கொண்டாள்.

ஏன் நாகர்கோவில்? தூரம். ஏன் தூரம் வேண்டும்? மாதாமாதம் பார்க்க வர முடியாது. ஏன் வரக் கூடாது? வந்தால் பேச வேண்டும். ஏன் பேச முடியவில்லை? கிரவுண்டு இருக்கிறது என்றதை நம்பிவிட்டேன்.

ஐந்தாவது கட்டத்தில் ‘ஏன் நம்பினேன்?’ என்று எழுதினாள். பதில் எழுதாமல் பேனாவை மூடி, தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"இத முடிக்கலியே" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"அஞ்சாவதுல ஒரு ஆள்தாம்பா வருது" என்றாள் பொறுமையாக. "ஆள் பேரு எழுதக் கூடாதுன்னு நீதான சொன்ன."

பெட்டியில் துணி அடுக்கப் போய்விட்டாள். வீரலட்சுமி வந்து தாளை எடுத்துப் படித்தாள். என் சிவப்புப் பேனாவை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டுப் போனாள்.